கடற்கரைக் கால்பந்து கிளப்புகளுக்கு மைதான நேரம் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்
கால்பந்து ரசிகர் ஒருவர்,
மேற்குக் கடற்கரைக் கிராமம்,
கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

நகல்: மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், நாகர்கோவில்.

பொருள்: குறைந்த பணத்தில் நடக்கும் கிராமக் கால்பந்து கிளப்புகளுக்கு மைதான நேரம் ஒதுக்குதல், போட்டி நாள்களைக் கடல் தொழிலுக்கு ஏற்ப அமைத்தல், வீரர் பதிவு முகாம் நடத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தேங்காய்ப்பட்டணத்துக்கும் நீரோடிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் எனக்கு ஊர். ஐஸ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் கால்பந்து கிளப்பில் நான் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிறவன், அவ்வளவுதான். கணக்குத் தெரிந்தவன் என்பதால் கிளப்பின் வரவுசெலவு நோட்டை மட்டும் பல வருடங்களாக என் கையில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் தங்களிடம் பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர், கடலரிப்பு என்று மனுக்கள் குவியும். அவற்றுக்கு நடுவே பந்து விளையாட்டுக்கு ஒரு மனுவா என்று தோன்றலாம். எங்கள் கடற்கரையில் இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு ஒரு பெயரைச் சொன்னால் போதும். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று இந்தியன் சூப்பர் லீக் வரை போய், 2019-ல் இந்திய அணிக்காகவும் ஆடினார். அவர் ஊரிலும் அடுத்தடுத்த ஊர்களிலும் சாயங்காலம் நடந்து பார்த்தால், கடல் மணலில் பந்து உதைக்காத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் பணம் கேட்டு வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்பை இதுவரை பணக் குறைவு கொன்றதில்லை. எது எப்போது கிடைக்கும் என்று தெரியாததுதான் கொல்கிறது.

நோட்டில் வரவுப் பக்கம் சின்னது. மீன் ஏலத்தில் பிடிக்கும் ஊர்ப்பங்கில் கொஞ்சம், வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்புவது கொஞ்சம், கடைக்காரர்கள் ஜெர்சியின் முதுகில் கடைப் பெயரைப் போடச் சொல்லிக் கொடுப்பது கொஞ்சம். செலவுப் பக்கத்தில் முதலிடம் வேன் வாடகைக்கு. நாகர்கோவிலுக்குப் போக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பதினெட்டுப் பேரும் பந்து மூட்டையும் பேருந்தில் ஏறினால் நடத்துநர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அடுத்தது பந்து. எங்கள் காற்றுக்கு, கோலுக்கு மேலே போன பந்து ஒன்று தென்னந்தோப்புக்குப் போகும், இல்லாவிட்டால் கடலரிப்புக்குப் போட்ட கற்குவியலுக்கு அப்புறம் கடலுக்குப் போகும். தோப்புக்குப் போனால் திரும்பி வரும். பூட்ஸ், வலை, ஐஸ் (அது மட்டும் என் ஆலையில் இலவசம்), காயத்துக்குக் கட்டு என்று மிச்சம் ஓடும்.

இதில் எங்கள் பக்கத் தவறையும் மறைக்கக் கூடாது. ஒரு வருடம் எல்லையைத் தாண்டி கேரளப் பக்கம் நடந்த ஒரு செவன்ஸ் டூர்னமென்டுக்கு, பரிசுத்தொகை பெரிசு என்று கேட்டதும் கமிட்டிக்கு ஆசை வந்துவிட்டது. ஏழு பேரில் நான்கு பேர் வெளியூர் கெஸ்ட் பிளேயர். அவர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கொடுத்துக் கூட்டிப் போனோம். அரையிறுதியில் தோற்றோம். திரும்பி வந்தபோது நோட்டில் ஒரு வருடத்துக்கு வைத்திருந்த காசு காலி. அந்த வருடம் முழுக்க எங்கள் சின்னப் பையன்கள் அண்ணன்களின் பழைய பூட்ஸில் துணி அடைத்து ஆடினார்கள். ஜெயித்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பது என் எண்ணம். அடுத்த வருடமும் அதையே செய்திருப்போம்.

பெரிய ஊர்களிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் பரி என்றொரு கிளப், 1885-ல் தொடங்கியது, அந்த நாட்டின் பழைய கோப்பைப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. 2019-ல் லீக்கின் நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு உயர்ந்தார்கள். அதே ஆகஸ்டில், கடனை அடைக்க வழி காட்ட முடியாமல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம் சென்னை சிட்டி 2018-19-ல் தேசியக் கிளப் லீக்கான ஐ-லீக் பட்டம் வென்றது. மூன்று வருடம் கழித்து 2021-22-ல் அந்த லீக்கிலேயே அது இல்லை. கோப்பை கையில் இருப்பதும் கிளப் உயிரோடு இருப்பதும் ஒன்றல்ல.

மறுபக்கம் மிசோரத்தின் ஐசால். 2016-ல் ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கி, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. அடுத்த சீசனிலேயே, 2017-ல், கல்கத்தாவின் பெரிய கிளப்பான மோகன் பகானை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டுப் பட்டம் வாங்கியது. அவர்களிடம் கல்கத்தாக்காரர்களின் பணம் இல்லை. ஆனால் 2012 முதல் மிசோரத்துக்கென்று ஒரு மாநில லீக் நடந்துகொண்டிருந்தது. எந்த மாதம் எந்த ஆட்டம் என்று தெரிந்தால் கையில் இருக்கும் சின்னக் காசையும் பிரித்து வைத்துச் செலவழிக்கலாம். நான் கேட்பதும் அதைத்தான்.

முதலில் மைதானம். எங்கள் பகுதிக் கிளப்புகள் பயிற்சி செய்யும் மைதானம் ஒன்று இருக்கிறது. யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை இங்கே எழுதவில்லை, ஒருவரைக் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. அதில் பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் கொடுத்த பிறகும், அந்த வாரம் ஒரு பொதுக்கூட்டமோ பொருட்காட்சியோ வந்தால் எங்களுக்கு இடம் இல்லை. சரி, கூட்டமும் வேண்டியதுதான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பந்தல் பிரித்துக்கொண்டு போகும்போது கால் நட்ட குழியை யாரும் மூடுவதில்லை. மேலே புல் முளைத்துவிடும். பார்க்கச் சமதரை மாதிரியே இருக்கும். போன வருடம் எங்கள் இடது விங் பையன், பந்தை வாங்கித் திரும்பின வேகத்தில் அப்படி ஒரு குழியில் கால் வைத்தான். கணுக்கால் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவு கிளப்பின் நோட்டில் இருக்கிறது. ஆழ்கடல் போக முடியாமல் அவன் வீட்டில் இருந்த நாள்களின் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை.

அதன் பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், நானும் இரண்டு பையன்களும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு மைதானத்தை வரிசை வரிசையாகக் குத்திப் பார்த்தோம். 23 குழிகள். அவற்றில் ஒன்பது பெனால்டி ஏரியாவுக்குள். கோல்கீப்பர்கள் ஏன் முன்னால் வரப் பயப்படுகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அதுவரை அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே கேட்பது: மாவட்டத்தில் அரசு, உள்ளாட்சி, அரசுப் பள்ளி ஆகியவற்றின் பொறுப்பில் இருக்கும் மைதானங்களில், பதிவு பெற்ற கிராமக் கிளப்புகளுக்கு வாரத்தில் இத்தனை சாயங்காலம் என்று ஒரு சீசனுக்கு மொத்தமாக, எழுத்தில் நேரம் ஒதுக்கித் தர வேண்டும். வேறு நிகழ்ச்சிக்கு இடம் கொடுக்கும்போது, குழி மூடித் தரும்வரை திருப்பித் தராத ஒரு வைப்புத் தொகையைப் பந்தல் போடுகிறவரிடம் வாங்கி வைக்க வேண்டும். இரண்டுக்கும் அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஒதுக்கும்போது பெண் பிள்ளைகளின் பயிற்சிக்கு முன்மாலை நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். இருட்டினால் வீட்டில் விடமாட்டார்கள், விளக்குக் கம்பமும் கிடையாது. பெரியவர்கள் காலையில் வந்து ஆடிக்கொள்வார்கள், புலம்பிக்கொண்டேதான்.

பந்து கடலுக்குப் போகாமல் கோல் போஸ்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு வலை கட்டுவதை ‘நமக்கு நாமே’ திட்டத்தில் சேர்க்க முடியுமா என்றும் பார்க்க வேண்டுகிறேன். எங்கள் பங்கை ஊர் போடும். வலை பின்னுவதற்கு எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாவது, போட்டி நாள்கள். இதைக் கரையில் இருக்கிறவர்களைக் கேட்காமல் முடிவு செய்வதால் வரும் சிக்கல் பெரிது. எங்கள் அணியில் பாதிப் பேர் தங்கல் மீன்பிடிக்குப் போகிறவர்கள். ஒரு தடவை போனால் மாதக் கணக்கில் திரும்ப மாட்டார்கள். பத்து நாள் முன்னால் அறிவிப்பு வந்தால் படகில் இருப்பவனை நீந்தி வரச் சொல்லவா முடியும்? அப்போதுதான் பெயர் கொடுத்தாகிவிட்டதே என்று அவசரத்துக்கு கெஸ்ட் பிளேயரைத் தேடுகிறோம், காசு போகிறது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். ஆனால் அது பருவமழைக் காலம். மைதானம் சேறாகும் மாதத்தில் முழு லீக் நடத்த முடியாது. அதனால் அந்த இரண்டு மாதத்தைப் பயிற்சி, நடுவர் வகுப்பு, ஐவர் ஆட்டம் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்குப் படகுகள் கரைக்கு வரும். டிசம்பர் 26 தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை ஊர்களுக்கு இடையிலான லீக்கை வைத்தால் எல்லா அணியிலும் சொந்தப் பையன்களே ஆடுவார்கள். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அவர்களுக்கு வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

டிசம்பர் என்று எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. அந்த டிசம்பரில் எங்கள் கிளப் பந்து மூட்டையை அவிழ்க்கவே இல்லை. மறு வருடம் மீண்டும் ஆட ஆரம்பித்தபோது முதலில் வந்து நின்றவர்கள் அப்பாவைக் கடலில் இழந்த பையன்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

மூன்றாவது, பதிவு. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வீரர் ஒப்பந்தத்தில் இருக்கும்போதே ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து வேறு நாட்டுக் கிளப்புக்கு விலை பேசி மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. வளர்த்தோம் என்று காட்ட, அந்தந்த வயதில் பையன் எந்தக் கிளப்பில் பதிவாகியிருந்தான் என்ற ஆவணம் வேண்டும். எங்கள் பையன்கள் எவனுக்கும் அது இல்லை. பதினாறு வயதில் யாரோ வந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் ஜங்ஷன் வரை போய் வழியனுப்பிவிட்டு வருகிறோம். காகிதத்தில் அவன் எங்கள் கிளப்பில் ஆடியதே இல்லை. நாளைக்கே வெளிநாட்டுப் பணம் கொட்டும் என்று நான் கனவு காணவில்லை. ஆனால் பதிவு இருந்தால் உள்ளூர் லீக்கில் வயது குறித்த சண்டையாவது குறையும்.

கிளப்பைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்யவும், ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும், பையன்களுக்குப் பிறப்புச் சான்று, ஆதார்த் திருத்தம் செய்து வீரர் பதிவு போடவும் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறோம். கடலுக்குப் போகிறவன் ஒரு நாள் வேலையை விட்டுத்தான் அங்கே வர வேண்டும். பதிவாளர் அலுவலகம், விளையாட்டு அலுவலர், மாவட்டக் கால்பந்து அமைப்பு, இ-சேவை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் ஒரு நாள் உட்காரும் முகாம் ஒன்றை, தடைக்காலத்தில், கடற்கரையிலேயே நடத்தித் தர வேண்டும். இடத்துக்குப் பங்குப்பேரவை மண்டபத்தைக் கேட்டுவிட்டேன், சம்மதம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றியும் சுருக்கமாக ஒன்று. 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. அந்த நிதி கேட்டு நாங்கள் போனால் வாசல் காவலரைத் தாண்ட முடியாது. தாங்கள் கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள். வந்தால், அதைக் கோப்பைக்கும் மேடைக்கும் பரிசுத்தொகைக்கும் கொடுக்க விடாதீர்கள். பரிசுத்தொகை ஏற ஏற கெஸ்ட் பிளேயர் விலையும் ஏறும் என்பதற்கு என் நோட்டே சாட்சி. பயிற்சியாளர் ஒருவருக்கு மாதச் சம்பளம், போட்டி நாளில் அணிகளுக்கு வேன், இந்த இரண்டுக்கு மட்டும் போகட்டும். எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு.

இந்த மனுவோடு இரண்டு காகிதங்களை இணைத்திருக்கிறேன். ஒன்று, கடந்த சீசனின் வரவுசெலவு நகல். கெஸ்ட் பிளேயர் செலவையும் அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். இன்னொன்று, 23 குழிகளையும் குறித்த மைதான வரைபடம். வரைந்தது ஒன்பதாம் வகுப்புப் பையன், அளவு சரியாகத்தான் இருக்கும். தாங்கள் யாரையாவது அனுப்பினால் மாலை ஐந்து மணிக்கு மேல் எப்போது வந்தாலும் நான் மைதானத்தில் இருப்பேன். கம்பி என்னிடம் இருக்கிறது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: வரவுசெலவு நகல், மைதான வரைபடம், மனுதாரர் விவரத்தாள்.