லிங்கனிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதி. ஆனால், ஓய்வு பெற்ற அன்றே காக்கியோடு எல்லா உறவும் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் நான் தங்கியிருக்கும் மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓய்வு பெற்ற சார்ஜென்ட் ஒருவர் இருக்கிறார். நானும் போலீஸ்காரன் என்று தெரிந்ததும் உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டார். சர்வதேச போலீஸ் சங்கத்தின் உறுப்பினர் அவர். அந்தச் சங்கத்தின் வேர், லிங்கன் நகரம் இருக்கும் இந்த லிங்கன்ஷயர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆர்தர் ட்ரூப் என்ற இந்த ஊர் சார்ஜென்ட், எல்லா நாட்டுப் போலீசாரும் நண்பர்களாகப் பழக ஓர் அமைப்பு வேண்டும் என்று 1949-இல் போலீஸ் பத்திரிகை ஒன்றில் புனைபெயரில் எழுதினார். 1950 ஜனவரி 1 அன்று சங்கம் தொடங்கியது. உலகப்போர் முடிந்து ஐந்து ஆண்டுகூட நிறையாத காலம்! மேலதிகாரிகள் பலர் நம்பவில்லை, அவர் விடவில்லை. இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் உறுப்பினர்கள். 'நட்பின் வழியே சேவை' என்ற முழக்கத்தை எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத எஸ்பெரான்டோ மொழியில் வைத்திருக்கிறார்கள்.

என்னை அசைத்தது இந்த எண்ணிக்கை அல்ல. இதில் பதவி பார்ப்பதில்லை. பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், கான்ஸ்டபிள், உயர் அதிகாரி எல்லோரும் வெறும் உறுப்பினர்கள்தான். நாம் இருவரும் ஒரே அணியில் பயிற்சி பெற்றவர்கள். நீ எஸ்.ஐ. ஆன பிறகு ஸ்டேஷனில் உன் எதிரே நாற்காலியில் உட்கார எனக்கு எத்தனை நாள் கூச்சமாக இருந்தது! நீ ஒருபோதும் அப்படி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தோளில் இருந்த நட்சத்திரம் நம் பேச்சைக் கொஞ்சம் குறைத்துவிட்டது. அந்த இழப்பை இங்கே வந்துதான் முழுதாக உணர்ந்தேன்.

இந்தப் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டையும் பேராலயமும் குன்றின்மேல் நிற்கும் லிங்கனை விட்டுத் தெற்கே போனால், கண்ணுக்கெட்டியவரை சமதரை. சதுப்பு நிலத்தை வடித்து விளைநிலமாக்கியிருக்கிறார்கள். வாய்க்கால்களை ஒட்டி நீளும் குறுகிய சாலைகளில் இரவு ரோந்து போகும் போலீஸ்காரருக்கு அடுத்த போலீஸ் வண்டி வெகு தொலைவில் இருக்கும். நாய்களை ஏவி முயல் வேட்டையாடும் கும்பல்கள் பயிரை மிதித்துக்கொண்டு வயலுக்குள் புகுவதும், தட்டிக் கேட்கும் விவசாயியை மிரட்டுவதும் இங்கே பெரிய தலைவலி. 2004-இல் வந்த சட்டம் தடுத்தும் ஓயவில்லை. கோடையில் ஸ்கெக்னஸ் கடற்கரையில் கூட்டத்தைச் சமாளிக்க வேண்டும். இப்படித் தனியாகத் திரியும் வேலையில், அதன் பாரம் அறிந்த ஒருவர் பேசக் கிடைப்பது சாதாரண விஷயமா?

வெளிநாட்டு உறுப்பினர் யாராவது வந்தால் அந்த சார்ஜென்ட் தன் வீட்டில் தங்க வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். இதைச் சுற்றுலாச் சங்கம் என்று ஒதுக்குபவர்களும் உண்டாம். நான் ஒப்பமாட்டேன். சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் போராட வேறு சங்கங்கள் வேண்டும்தான். ஆனால் ஒரு கொலை நடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருவது எப்படி இருக்கும் என்று, மொழி சரியாகத் தெரியாத என்னிடம் அவர் பேசினார். நாற்பது வருடம் பழகிய நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

நம் நாட்டிலும் இச்சங்கத்தின் பிரிவு இருக்கிறது. உன் ஓய்வு ஆணையின் நகலைத் தேடி எடுத்து வை. நான் திரும்பியதும் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். மற்ற பழைய தோழர்களிடமும் பேசிப் பார். பதில் எழுதும்போது உன் பேத்தியின் தேர்வு முடிவையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்