போர்டு போகவில்லை, பஞ்சு அடைத்திருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில், கம்ப்யூட்டரும் லேப்டாப்பும் வெயில் காலத்தில் சூடாகி நின்றுபோவதைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. அடியில் வைக்கிற கூலிங் பேட் ஒன்று வாங்கி வையுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள் என்று இரண்டே வரியில் முடித்திருந்தார்கள். படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருஷமாக பில் போடுகிறேன். ஆபீஸ் ரூமுக்கும் கட்டிங் செக்‌ஷனுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான் இருக்கிறது, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தலைமுடியில் இருந்து கைப்பை வரைக்கும் பஞ்சைத் தட்டித்தான் உள்ளே போவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உள்ளே காற்று போகிற வழியே அடைத்துக்கொண்டிருக்கும்போது அடியில் இன்னொரு ஃபேனை வைப்பதால் பெரிதாக எந்தப் பிரயோஜனமும் இல்லை. எதையும் பார்க்காமல் நேராகக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அதைவிட மோசம். எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் கடைசி. ஷிப்மெண்ட் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். பில் போடுகிற கம்ப்யூட்டர் இருபது நிமிஷம் ஓடும், பட்டென்று அணைந்துவிடும். பத்து, பதினைந்து நிமிஷம் விட்டுப் போட்டால் மறுபடி வரும், மறுபடி இருபது நிமிஷம். அதற்கு ஒரு மாசம் முன்னாலிருந்தே காலையில் ஆன் பண்ணும்போது கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. சரி என்று ஒரு கடையில் கொடுத்தோம். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கிற மதர்போர்டு போய்விட்டது, மாற்றினால் 9,500 ரூபாய் ஆகும் என்றார்கள். முதலாளி சரி சொல்கிற நிலைக்கு வந்துவிட்டார். நான்தான், இந்த வாரம் எப்படியாவது இதிலேயே ஓட்டிவிடலாம் என்று திருப்பி வாங்கி வந்தேன்.

அன்றைக்கு ஓவர்லாக் மெஷின் ஒன்றைச் சரிபண்ண எங்கள் மெக்கானிக் தம்பி வந்திருந்தார். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆபீஸுக்குள் தண்ணீர் குடிக்க வந்தவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு நின்றார். கையில் இருந்த நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை சிபியூ பெட்டியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். தையல் மெஷினில் எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்று அவர்கள் பார்ப்பது அப்படித்தான். "இது பேரிங் சத்தமுங்கக்கா. கழட்டிப் பாக்கலாமுங்களா?" என்றார். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர் மேல் இருக்கிற ஃபேனின் நான்கு ஸ்க்ரூவையும் எடுத்தோம்.

ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகள் அடுக்காக இருக்கும், அதன் இடுக்கு வழியாகத்தான் காற்று போய் சூட்டை வெளியே தள்ள வேண்டும். தகடே கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பளி விரித்த மாதிரி பஞ்சு. தம்பி ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஓரத்தை நெம்பினார், ஒரே துண்டாக உரிந்து வந்தது. மேலே வெள்ளை, அதற்குக் கீழே நேவி ப்ளூ, அதற்கும் கீழே சிவப்பு. எந்த நிறத் துணி எந்த மாசம் கட்டிங் ஓடியது என்று அதைப் பார்த்தே என்னால் சொல்ல முடிந்தது. அடியில் இருந்த சிவப்பு, அதற்கு முந்தின தீபாவளிக்கு முன்னால் ஓடிய ஆர்டர். இரண்டு நாள் வைத்திருந்த கடைக்காரர்கள் ஒரு தடவைகூட அந்த ஃபேனைக் கழற்றிப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தப் பஞ்சை எடுத்து, சுத்தம் பண்ணி, ப்ராசசருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி மாட்டினோம். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வரை நிற்காமல் ஓடியது. மூன்று வாரம் கழித்து ஃபேனை மட்டும் 300 ரூபாய்க்குள் மாற்றினேன். அதே போர்டில்தான் இன்றைக்கும் பில் போடுகிறேன்.

நான் கோபப்படுவது 9,500 ரூபாய்க்காக மட்டும் இல்லை. கொஞ்சம் யோசித்தாலே பிடிபடுகிற விஷயம் இது. போர்டு செத்துப்போயிருந்தால், ஆறவிட்டதும் எழுந்து, இருபது நிமிஷம் ஒழுங்காக பில் போட்டுக் கொடுக்குமா? சூடானால் நிற்கிறது, ஆறினால் வருகிறது என்றால் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் வர வேண்டும். ப்ராசசர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிற மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கிறது. பெரும்பாலானவை 100 டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கணக்கு எழுதுகிற டேலி சாப்ட்வேர் திறக்கவே யுகம் ஆகிறதே என்று நாம் திட்டுவது சில சமயம் அதனால்தான். அதற்கு மேலும் சூடு ஏறினால் மொத்தமாக அணைத்துவிடும். ஆன் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ளேயே அணைந்தால் அது வேறு கதை, ஃபேன் சுற்றவே இல்லையா, அல்லது அந்தத் தகடுகள் சேர்ந்த அலுமினியக் கட்டி ப்ராசசரில் ஒட்டி உட்காராமல் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறைய மெஷின்களில் அதை நான்கு பிளாஸ்டிக் கால்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கும், ஒரு கால் கழன்றாலும் போதும்.

எத்தனை டிகிரி என்பதைத் தெரிந்துகொள்ள எந்தச் சாப்ட்வேரும் தேவையில்லை. ஆன் பண்ணினதும் டெலீட் பட்டனையோ எஃப் 2 பட்டனையோ தட்டினால் வருகிற செட்டப் திரையில், நிறைய மெஷின்களில் ஹார்டுவேர் மானிட்டர் என்கிற பக்கத்தில் சூடும் ஃபேனின் சுற்றும் எழுதியிருக்கும். அங்கே சும்மா நிற்கும்போதே 80ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ சரியில்லை. ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் சுற்று 0 என்று காட்டினால் அது நின்றுவிட்டது, அல்லது ஒயர் வேறு இடத்தில் சொருகியிருக்கிறது. ரூம் சூட்டையும் மறக்கக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே மே மாசம் 40 டிகிரி என்றால், மார்கழியில் இருந்ததைவிட ரூம் எவ்வளவு அதிகமோ ஏறக்குறைய அவ்வளவு உள்ளேயும் ஏறும். மார்கழியில் தாங்கின பஞ்சு சித்திரையில் தாங்காது.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெஷின் நமக்கு முதலில் சொல்வது அதில்தான். காலையில் கரகரத்துவிட்டுச் சூடானதும் அடங்கினால் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கும். ஒரே சீராகக் கடகடவென்று அடித்தால் ஏதாவது ஒயர் இறக்கையில் உரசும், ஒதுக்கிக் கட்டினால் போதும். சத்தமில்லாமல் இருந்தது வேலை கொடுத்ததும் புயல் மாதிரி இரைந்தால் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது, சூட்டைத் துரத்தப் போராடுகிறது என்று அர்த்தம். டிக், டிக் என்று விட்டுவிட்டுத் தட்டினால் அது ஃபேனே இல்லாமல் ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம், அப்போது வேறு எதையும் செய்யாமல் முதலில் கணக்கு எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

எண்ணெய் என்றதும் எங்கள் ஊரில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. தயவுசெய்து வேண்டாம். பக்கத்துக் கம்பெனியில் அப்படித்தான் விட்டார்கள், நாலு மாசம் அமைதியாக இருந்தது, மார்கழி பிறந்ததும் காலையில் ஃபேன் சுற்றவே இல்லை. பாட்டிலில் உறைகிற எண்ணெய் பேரிங்கில் உறையாமல் இருக்குமா? போதாக்குறைக்குப் பஞ்சும் அதில் ஒட்டிப் பிசினாகிவிட்டது. திருப்பூரில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறது, லேசான எண்ணெய், அதில் ஒரே ஒரு சொட்டு. ஃபேனின் பின்பக்க ஸ்டிக்கரை மெதுவாக உரித்து, நடுவில் ரப்பர் மூடி இருந்தால் எடுத்துவிட்டு விட வேண்டும். அதுவும் புது ஃபேன் வருகிற வரைக்கும் ஓட்டத்தான், நிரந்தர வைத்தியம் இல்லை. பால் பேரிங் ஃபேன் கரகரத்தால் எண்ணெயால் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும். பெட்டியில் மாட்டுகிற கேபினெட் ஃபேன் வாங்கப் போகும்போது இறக்கையை அளக்காதீர்கள், வெளிச்சட்டத்தை அளக்க வேண்டும். 80 மில்லிமீட்டர், 120 மில்லிமீட்டர் என்று சொல்வதெல்லாம் சட்டத்தின் அளவு.

அப்புறம் ஏர் அடிப்பது. தையல் மெஷினுக்கு ஏர் அடிக்கிற கம்ப்ரசர் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது, பையன்கள் அதே ஏர் கன்னை சிபியூவுக்குள் விட்டு ஒரு அடி அடிக்கிறார்கள். ஃபேன் விசில் அடித்துக்கொண்டு சுற்றும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த வேகத்துக்கு அந்தப் பேரிங் செய்யப்படவில்லை. இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, தூரத்தில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும். கம்ப்ரசர் டேங்கில் தேங்கியிருக்கிற தண்ணீரை முதலில் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஈரம் போர்டில்தான் போய் விழும், அப்போது கடைக்காரர் சொன்னது உண்மையாகவே நடந்துவிடும். கெட்டியாகப் படிந்த பஞ்சு ஏருக்கு அசையவும் அசையாது. அதைப் பிரஷ் வைத்துக் கையால்தான் எடுக்க வேண்டும்.

அலுமினியக் கட்டியைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு, அவ்வளவுதான். பவர் சப்ளை பெட்டியை மட்டும் தயவுசெய்து யாரும் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட் தேங்கி நிற்கும், அடித்தால் உயிருக்கு ஆபத்து. அதில் சத்தம் வந்தால் விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது மொத்தமாக மாற்றுங்கள்.

லேப்டாப்பிலும் இதே கதைதான், இடம்தான் சின்னது. என் மகள் கட்டில் மேல் மெத்தையில் வைத்துத்தான் படிப்பாள், காற்று உள்ளே போகிற ஓட்டையே அடிப்பக்கம், மெத்தை அதை மூடிவிடும். ஒரு பரீட்சை அட்டையை அடியில் வைத்த உடனேயே இரைச்சல் பாதியாகக் குறைந்தது. லேப்டாப்பில் ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவில் பஞ்சு மெல்லிய திரை மாதிரி நிற்கும், வெளியில் இருந்து ஊதினால் போகாது, ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். அதைக் கடையில் கொடுத்தே செய்யலாம், தப்பில்லை. ஆனால் "ஃபேனைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்கள், எடுத்த தூசியையும் கழற்றிய பார்ட்டையும் எனக்குக் காட்டுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்டுக் கொடுங்கள். போர்டு போய்விட்டது என்று சொன்னால் எந்தச் சோதனையில் தெரிந்தது, எத்தனை டிகிரி காட்டியது என்று கேளுங்கள். நேர்மையாக வேலை செய்கிற கடைக்காரர்கள் எங்கள் ஊரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பழுது பார்க்கிற உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே தொடங்கியது, கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். எங்கள் கம்பெனியில் முப்பது பேரிடம் கேட்டேன், இந்த எண் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கோடைக்கு முன்னால், பிப்ரவரியிலேயே, இதைப் பற்றி அரைப் பக்கமாவது போடுங்கள். விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து, ஃபேனைக் கழற்றுவதைப் படம் எடுத்து, கூடவே அந்த 1915 எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள். படத்துக்குப் பஞ்சு அடைத்த மெஷின் வேண்டுமென்றால் எங்கள் கம்பெனிக்கு வரலாம், பேக்கிங் செக்‌ஷனில் ஒரு கம்ப்யூட்டர் இப்போதுதான் கரகரக்க ஆரம்பித்திருக்கிறது. நீங்கள் வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை கழற்றப் போகிறேன், எடுக்கிற பஞ்சை வேண்டுமானால் உங்களுக்காக ஒரு கவரில் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனியில் பில் போடும் வாசகி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.