பாட்டு வெறும் சத்தமாகத்தான் கேட்கிறது என்றாயே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோது அக்கா பிள்ளைகள் போட்ட கூச்சலில் உருப்படியாக எதையும் பேச முடியவில்லை. ஃபோன் போட்டால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வேலை முடிந்து, போதை மறுவாழ்வுக்காக நீ தங்கியிருக்கும் ஹாஃப்வே ஹவுசுக்கு வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு படி.

ஹாலில் நம் சிங்கப்பூர்த் தமிழ் ரேடியோ ஒலி 96.8 ஓடிக்கொண்டிருந்தபோது, "எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஒண்ணுமே தோணலம்மா, வெறும் சத்தமாத்தான் இருக்கு" என்றாய். கீழ் ப்ளாக்கில் உறுமி மேளச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிற பிள்ளை நீ. உன் ஆலோசகரிடம் கேட்டேன். அக்காவும் சில கட்டுரைகளை அச்செடுத்துக் கொண்டுவந்து தமிழில் விளக்கிச் சொன்னாள்.

நமக்குச் சந்தோஷத்தைத் தருவதில் மூளைக்குள் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டாம். பிடித்த பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மயிர்க்கூச்செறிகிறதே, அந்த நேரத்திலும் அதுதான் சுரக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011இல் மூளையைப் படமெடுத்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். நீ எடுத்த அந்த ஐஸ், அதாவது மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள், என்ன செய்கிறது என்றால், அதே டோபமைனை அளவுகடந்து கொட்ட வைக்கிறது. நாளாக ஆக மூளையில் அந்த ஏற்பாடே தளர்ந்துபோகிறது. ஐஸை நிறுத்திய பிறகு சோறு, சினிமா, பாட்டு எல்லாமே சப்பென்று இருப்பது அதனால்தான். உன் ரசனை செத்துப்போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவில் நோரா வோல்கோ என்ற விஞ்ஞானியின் குழு 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஐஸை விட்டு 12 முதல் 17 மாதம் ஆனவர்களை மறுபடி படமெடுத்துப் பார்த்தபோது மூளையின் அந்த டோபமைன் ஏற்பாடு நன்றாகத் தேறியிருந்தது. கைவேகமும் ஞாபகமும் அதே அளவுக்குத் தேறவில்லை. ஒரு சில பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

அதுவரைக்கும் என்ன செய்வது? பிடிக்கும்போது வாசிக்கலாம் என்று காத்திருக்காதே. பிடிக்காமலே வாசி. சமூக மன்றத்தில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன். மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடும்போது யாருக்கும் புல்லரித்ததில்லை. கொட்டாவிதான் வரும். ஆனால் தொடையில் ஆதி தாளம் போடும் கை தவறாமல் விழுந்துகொண்டிருக்கும். எட்டு அட்சரம் முடிந்தால் மறுபடி தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வந்தாக வேண்டும், மனசு எங்கே போயிருந்தாலும் சரி. தினமும் அரை மணி நேரம் உன் கைக்கு அப்படி ஒரு வேலை இருக்கட்டும். அலுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

சனிக்கிழமை உங்கள் இல்லத்துக்கு வருகிற இசைச் சிகிச்சையாளரின் வகுப்பைச் "சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று நீ கேலி செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பாட்டு டீச்சர். அவர் அதற்கென்றே தனியாகப் படித்தவர். சேர்ந்து தாளம் தட்டுவது, பாட்டின் வரிகளைப் பற்றிப் பேசுவது, சொந்தமாக நாலு வரி எழுத வைப்பது எல்லாம் அந்தப் படிப்பில் வருகிறவை. இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து தட்டும்போது பக்கத்தில் இருப்பவனைக் கவனித்தே ஆகவேண்டும். ஐஸ் எடுத்த காலத்தில் நீ யாரைக் கவனித்தாய், சொல்?

காக்ரேன் என்ற அமைப்பு 2022இல் இது பற்றிய 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறது, மொத்தம் 1,984 பேர். வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது போதைக்கான ஏக்கம் ஓரளவு குறையலாம், சிகிச்சையில் ஊக்கம் கூடலாம் என்கிறார்கள். ஒரே ஒரு முறை போவதைவிடத் தொடர்ந்து போனால்தான் ஏக்கம் குறைவது கூடுதலாகத் தெரிகிறதாம். மனச்சோர்வுக்குப் பலன் இருப்பதாகத் தெளிவாகத் தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இதெல்லாம் சிகிச்சையோடு சேர்த்துத்தான். ஒத்திகை இருக்கிறது என்று ஆலோசகரைப் பார்க்காமலோ, யூரின் டெஸ்ட் நாளைத் தள்ளிப்போட்டோ ஏதாவது செய்தாயானால் சுருதிப் பெட்டியைக்கூடத் தரமாட்டேன்.

இனி உனக்குக் கோபம் வரக்கூடிய விஷயம். உன் பழைய ஃபோனில் இருக்கும் அந்த ராத்திரி ப்ளேலிஸ்ட். அந்தப் பாட்டுகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சிலது நல்ல மெட்டுதான். ஆனால் நீ எடுத்த நேரமெல்லாம் அவைதான் ஓடின. முதல் பத்து விநாடியிலேயே உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும், ஏக்கம் அங்கிருந்தே கிளம்பும். ஆலோசகரோடு உட்கார்ந்து எந்தப் பாட்டு ஆகும், எந்தப் பாட்டு இப்போதைக்கு ஆகாது என்று ஒரு பட்டியல் போடு. ஆகாததை அழிக்க மனசில்லை என்றால் அக்காவிடம் கொடுத்து வை.

அடுத்தது தைப்பூசம். பழைய உறுமி செட்டிலிருந்து ஒருவன் உனக்குச் செய்தி அனுப்பியதாக நீயே சொன்னாய். மறைக்காமல் சொன்னாயே, அதுவே பெரிய விஷயம். அத்தை இருக்கிறாளே, "உறுமிதான் பிள்ளையைக் கெடுத்தது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1973 முதல் இங்கே தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் கூடாது என்றிருந்து, 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சத்தத்துக்கு எத்தனை பேர் ஏங்கினோம் என்று எனக்குத் தெரியும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து நீ அந்த உறுமலை எழுப்பும்போது கண் கலங்கியிருக்கிறேன். உறுமியை விடச் சொல்லவில்லை. அந்த வேனில் ஏறாதே என்கிறேன். வாசிப்பு முடிந்து வேனில் திரும்பும்போது என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வருஷம் ஊர்வலம் முடியும் டேங்க் ரோட்டில் என்னோடு நின்று பால்குடம் பார்.

வாத்தியம் கையில் இருந்தால் போதை அண்டாது என்று சில பெரியவர்கள் சொல்வதையும் நம்பாதே. அப்பாவிடம் கேள், அவருடைய ஜாஸ் ஆட்கள் கதையெல்லாம் சொல்வார். சார்லி பார்க்கரைப்போல் சாக்ஸபோன் வாசிக்க ஆள் கிடையாது என்பார். ஹெராயினிலும் குடியிலும் சீரழிந்து 1955இல் 34 வயதில் போய்விட்டார். சன்னி ரோலின்ஸ் என்ற இன்னொரு சாக்ஸபோன்காரரும் அதே ஹெராயினில் விழுந்தவர்தான். அவர் அதே 1955இல் லெக்சிங்டனில் இருந்த அரசாங்க மருத்துவமனைக்குப் போய் அதை விட்டார். 1959 முதல் 1961 வரை மேடையே ஏறாமல் நியூயார்க்கில் ஒரு பாலத்தின் மேல் போய் நின்று தனியாகச் சாதகம் செய்தாராம். முதலில் மருத்துவமனை, சாதகம் அப்புறம். அப்பா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நீதான் காதில் வாங்கியதில்லை. அந்த வரிசையை நன்றாகக் கவனி.

இன்னொன்று. சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு உதவ 2004இல் இங்கே தொடங்கிய மஞ்சள் நாடாத் திட்டத்துக்குப் பெயர் வந்ததே ஒரு பாட்டிலிருந்துதானாம். தண்டனை முடிந்து வருகிறவன், வீட்டில் தன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பாட்டு. நம் வீட்டில் உனக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம், சாவி உன்னிடம்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வரும்போது சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நான் பாடுகிறேன், நீ தாளம் போடு. பிடிக்கிறதா என்று கேட்கமாட்டேன். பக்கத்து வீட்டு மலாய் அக்காவிடம் கொஞ்சம் சத்தம் வரும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கஞ்சிராவை எடுத்து வைக்கவா, இல்லை கை போதுமா? புதன்கிழமைக்குள் சொல், கஞ்சிராத் தோல் தளர்ந்து கிடக்கிறது, சரிபார்க்க வேண்டும். அப்பா தன் நல்ல ஹெட்ஃபோனை உனக்குத் தருகிறாராம். அதை மிதித்துவிடாதே, அவர் தூங்கமாட்டார்.

அன்புடன்,
அம்மா