ரேஷன் எண்ணெயை இரத்தத்தில் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக ரேஷன் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தரவேண்டும் என்று விவசாயிகள் கேட்டுவருவதைத் தங்கள் நாளிதழில் படித்துவருகிறேன். விலை, இறக்குமதி, கொள்முதல் என்றே வாதம் போகிறது. சாப்பிடுகிறவரின் இரத்தக் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம்.

இங்கே மொரீசியஸில் மானிய விலையில் விற்ற ரேஷன் எண்ணெய் 1987 வரை பெரும்பாலும் பாமாயில்தான். அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. எங்கள் கியூர்பிப் மேட்டுநிலத்து ஊர். ஜூலையில் நல்ல குளிர். பழைய எண்ணெய் அப்போது போத்தலுக்குள் வெள்ளையாகக் கட்டிப்பட்டுவிடும். அம்மா அதை அடுப்போரம் வைத்து இளக்கிய பிறகுதான் பருப்பு வடைக்குச் சட்டி காயும். புது எண்ணெய் உறையவில்லை. ஆனால் சூடேறினால் மீன் வாடை அடிக்கிறது என்று அம்மா கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

அப்படி உறையவைப்பது நிறைவுற்ற கொழுப்பு. உணவில் அது மிகுந்தால், கெட்ட கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் குறைகின்றன. இரத்தத்தில் தேங்குவது குழாயின் உட்சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதை விழுங்கும் வெள்ளணுக்கள் வீங்கி அங்கேயே படிந்து குழாயைக் குறுக்குகின்றன. அந்த உட்சுவரின் மேற்பரப்பு ஒரே ஓர் உயிரணு அடுக்கு. சர்க்கரை நோயாளிக்கு அதுவும் முன்பே நலிந்திருக்கும். இரத்த ஓட்டம் குறைந்து கால் கட்டைவிரல் கறுத்து வந்தவர்களுக்குக் கட்டுப்போட்ட செவிலி நான். இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவள் அல்ல.

1987இலும் 1992இலும் இங்கே மக்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. உங்கள் ஊர்க் கணக்கில் டெசிலிட்டருக்குச் சுமார் 213 மில்லிகிராம் 182 ஆனது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1996இல் அந்த ஆய்வு வெளிவந்தது. முழுப் புகழும் எண்ணெய்க்கே என்று சொல்லமாட்டேன். உடல்நலப் பிரசாரமும் அதே ஆண்டுகளில்தான் நடந்தது. சர்க்கரை நோயோ குறையவே இல்லை.

விவசாயிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்கு 20 அளவில்தான், தாராளமாகக் கொடுக்கலாம். பாமாயிலில் அது ஏறக்குறையப் பாதி. தேங்காய் எண்ணெயிலோ 80க்கும் மேல்! தென்னை விவசாயிக்கு உதவ வேறு வழி தேடலாம். மாதந்தோறும் ஏழை வீட்டுச் சட்டியில் அதை ஊற்றுவது இரத்தக் குழாய்க்கு நல்லதல்ல.

எந்த எண்ணெய்க்கு மாறினாலும் சரி, மாறுவதற்கு முன்பே சில மாவட்டங்களில் ரேஷன் அட்டைதாரர்களின் இரத்தத்தைச் சோதித்து எண்களை வெளியிடுங்கள். ஐந்தாண்டு கழித்து அதே மாவட்டங்களில் மறுபடியும் சோதியுங்கள். இதைத் தமிழக அரசின் காதில் போடத் தங்கள் நாளிதழால் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலி,
கியூர்பிப், மொரீசியஸ்