தகடு ஏன் தேயவில்லை? சேகோ (ஜவ்வரிசி) ஆலை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கு,

வணக்கம். போன வாரம் ஊர்க்காரர்களை அழைத்துப்போய் உங்களில் ஒருவருடைய ஆலையில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டியைக் காட்டினீர்கள். டீ, பிஸ்கட்டுக்கு நன்றி. அங்கே பார்த்த அலுமினியத் தகடுகளைப் பற்றித்தான் இந்த மடல். பொருத்தி இரண்டு சீசன் ஆச்சு என்றீர்கள். தகடு கடையிலிருந்து வந்த மேனிக்கு இருந்தது. மாற்றினீர்களா என்று கேட்டால், பழசுதான் என்றார் ஆபரேட்டர்.

மின்சாரம் பாய்ச்சும் இந்த முறையில் தகடு கரைந்தால்தான் வேலை நடக்கும். கரைகிற அலுமினியம் மாவுத் துகளைத் திரட்டும். எதிர்த்தகட்டில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழ்கள் அதை மேலே தூக்கும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 0.34 கிராம் கரைய வேண்டும். இது விஞ்ஞானி பாரடே காலத்துக் கணக்கு. அதிகாரி வரும் நாளில் மட்டும் சுவிட்சைப் போட்டால் தகடு எப்படித் தேயும்?

நீங்கள் கழிவுநீர் விடும் ஓடைக்குக் கீழே எங்கள் கிணற்றுத் தண்ணீரில் புளித்த வாடை. தொட்டியில் ஊற்றினால் மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. தவிடு கலந்தாலும் வாய் வைப்பதில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீரில் மாட்டுக்கு எடுத்து வைத்த பிறகுதான் வீட்டில் குளிப்பது பற்றியே யோசிக்கிறோம்.

ஆகவே கேட்கிறோம்: தகடு இருக்கும் அந்தத் தொட்டிக்குத் தனி மின்மீட்டர் வையுங்கள். தினசரி ரீடிங்கை கேட் வாசலில் எழுதிப் போடுங்கள்.

மரவள்ளிக் கிழங்கு லோடு வந்தால் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் பார்க்கிறீர்கள். ஒரு பாயிண்ட் குறைந்தாலும் விலையில் பிடித்துவிடுவீர்கள். அதே கறாரை ஓடையில் விடும் தண்ணீரிலும் காட்டலாமே! தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு (பிஓடி) லிட்டருக்கு 30 மில்லிகிராமையும், ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் அளவு (சிஓடி) 250-ஐயும் தாண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? தகடு மட்டும் போதாது, கரைந்திருக்கும் சர்க்கரையும் அமிலமும் அதில் அவ்வளவாகச் சிக்காது என்பதும் தெரியும். அவற்றைச் செரிக்க, தகட்டுத் தொட்டிக்கு முன்னால் இருக்கும் பயோகேஸ் தொட்டி மட்டும் ஒருநாளும் நிற்பதில்லை. கேஸ் கிடைக்கிறதே, பின்னே!

சரி, கோபத்தில் பேசிவிட்டேன். உங்கள் ஆலை ஓடினால்தான் எங்கள் கிழங்கு விற்கும், அதில் சந்தேகமில்லை. பொங்கலுக்குள் தனி மீட்டரை வைத்து, ரீடிங்கை எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை தகடு வாங்கும்போது ரசீதையும் காட்டினால் நல்லது.

இப்படிக்கு,
உங்களுக்குக் கிழங்கு போடும் விவசாயிகளில் ஒருவன்