படலையைப் பாதி திறந்து வைக்கவும் விடுங்கோ – நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர் குழுவுக்கு,

வணக்கம். போன மாதம் பாடசாலைக் கண்டுபிடிப்புப் போட்டியில என்ன நடந்தது எண்டு உங்களுக்கே தெரியும், திருப்பிச் சொல்லத் தேவையில்லை. வயலுக்கு யானை வந்தாச் சைரன் அடிக்கிற யானைக் காவல் சேர்க்கிட்டோட வந்த ரெண்டு பிள்ளையளின்ர புள்ளித்தாளில "வெளியீடு உறுதியற்றது" எண்டு எழுதியிருந்தியள். நான் மாங்குளத்தில றேடியோ திருத்துற கடை வச்சிருக்கிறன், அதுகள் என்ர மேசையில வச்சுத்தான் அதைக் கட்டினதுகள், அதால எழுதுறன். கேக்கிறது ஒண்டே ஒண்டு. உங்கட புள்ளித்தாளில "வெளியீடு 0 அல்லது 1 ஆக இருத்தல் வேண்டும்" எண்டு ஒரு வரி இருக்கு, அதை எடுத்துப்போட்டு இன்னொருக்காப் பாருங்கோ.

உறுதியில்லாததைக் கணக்கிடத்தான் அந்தச் சேர்க்கிட்டே. வயலில காவல் கிடந்த ஆரையும் கேட்டுப் பாருங்கோ, ராவு காட்டுப்பக்கம் தடி முறியிற சத்தம் கேட்டா "யானை 1" எண்டு ஒருத்தரும் கத்துறேல்லை, "வந்திட்டுது போல கிடக்கு" எண்டுதான் சொல்லுவினம், பேந்து நாய் குலைச்சா அந்தப் "போல" கொஞ்சம் இறுகும். பிள்ளையள் செய்ததும் அதுதான். நில அதிர்வு பாக்கிற சென்சர் 0.8 எண்டுது, சத்தம் கேக்கிறது 0.7 எண்டுது. ரெண்டும் ஓம் எண்டால் 0.56, ரெண்டும் இல்லை எண்டால் 0.06, ஒண்டு ஓம் மற்றது இல்லை எண்டு வாறதுகளை விட்டிட்டு 0.56 ஐ 0.62 ஆல பிரிச்சா 0.90. அரைகுறை நம்பிக்கை ரெண்டு சேர்ந்து நல்ல நம்பிக்கை ஒண்டாகுது. உங்கட வரிப்படி எண்டால் ரெண்டையும் முதலே 1 எண்டு வெட்டிப்போட்டு, ராவு முழுக்கச் சைரன் அடிச்சு, மூண்டாம் நாள் சனம் வயரைப் புடுங்கி எறிஞ்சிருக்கும்.

உள்ள வாற 0, 1 ஐப் பாத்து விடை சொல்லுற சேர்க்கிட்டுக்குப் பாடப் புத்தகத்தில தர்க்கப் படலை எண்டுதானே போட்டிருக்கு. எங்கட வீட்டுப் படலையை எப்பவும் பூட்டியோ விரியத் திறந்தோ வைக்கிறமே? மாடு வராத அளவுக்குச் சாத்தி, ஆள் வரக்கூடிய அளவுக்கு விட்டிருப்பம். இதுவும் அப்பிடி ஒரு படலைதான். 1 எண்டதுக்கு ஒரு கம்பி, 0 எண்டதுக்கு ஒரு கம்பி, ரெண்டிலயும் ஓடுறது மொத்தமா 100 மைக்ரோஅம்பியர், 0.8 எண்டால் 80 ஒண்டில 20 மற்றதில. ட்ரான்சிஸ்டரில வோல்ட்டேஜ் எண்டது கரண்ட்டின்ர மடக்கை மாதிரிப் போறதாலயும், மடக்கையைக் கூட்டினாப் பெருக்கல் எண்டதாலயும் அதைக்கொண்டே பெருக்கலாம், பாரி கில்பர்ட் எண்ட பொறியியலாளர் 1968 இல காட்டின வழி. கரண்ட்டைக் கூட்டுறதுக்குத் தனியா ஒண்டும் வேண்டாம், ரெண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கினாக் காணும். அதே கம்பியளை வேற மாதிரி முறுக்கினா எக்ஸ்ஓர் படலை, ரெண்டில ஒண்டு மட்டும் ஓம் எண்டால்தான் அது ஓம் எண்டும், அதே 0.8 உம் 0.7 உம் குடுத்தா 0.38 வரும்.

நடுவர் ஒராள் நல்ல கேள்வி ஒண்டு கேட்டவர், காத்தடிச்சா ரெண்டு சென்சரும் சேர்ந்து பிழைவிடாதோ எண்டு. உண்மைதான், தனித்தனியாப் பிழைவிட்டாத்தான் இந்தப் பெருக்கல் சரி. அதோட அஞ்சு ராவில ஒரு ராவுதான் யானை வருமெண்டால் அந்த 0.2 ஐயும் சேர்த்துப் பெருக்கோணும், அப்ப 0.90 இறங்கி 0.70 க்கு வரும். இதைப் பிள்ளையள் சொல்ல வாயெடுக்கேக்க "நேரம் முடிஞ்சுது" எண்டு மணி அடிச்சவை. சரி, விடுவம்.

விடேலாதது வேற ஒண்டு. இந்தப் பெருக்கல் சரியா வர ட்ரான்சிஸ்டர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும், 18 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்தாலே கரண்ட் இரட்டிக்கும். சோடி பாத்து வித்த ட்ரான்சிஸ்டர் இங்க எங்க வாங்கிறது? யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப்போய் பிசி 547 நூறு வாங்கி வந்து, ஒவ்வொண்டா மல்டிமீற்றரில பாத்து, கிட்டத்தட்ட இருபது பொறுக்கினதுகள். அதையும் பகலில செய்யேலாது, ஒரு பாகை சூடு ஏறினா ரெண்டு மில்லிவோல்ட் இறங்கும், என்ர கடைக்குத் தகரக்கூரை. அதால விடிய 4 மணிக்கு அப்பா மோட்டர்சைக்கிளில கொண்டுவந்து விட, வெய்யில் ஏற முன்னம் உக்காந்து பாக்கும்கள். விரலால பிடிச்சா விரல் சூட்டுக்கே பத்து மில்லிவோல்ட் ஓடீடும், சாமணத்தால பிடிச்சு, ஆறும்மட்டும் மூச்சுவிடாமப் பாத்துக்கொண்டு இருக்கிறது. பிறகு சோடி சோடியா தட்டை முகத்தோட முகம் ஒட்டி வச்சதுகள், சூடேறினா ரெண்டும் சேர்ந்து ஏறட்டும் எண்டு. மூண்டு கிழமை. போட்டிக்கு முதல் நாள் விடிய என்ர மேசையில 0.88 காட்டினது, அந்த வயசில நான் அப்பிடி ஒரு சாமான் கட்டேல்லை.

அடுத்த நாள் நீங்கள் மேசை குடுத்தது யன்னலடியில. மத்தியானம் ஒண்டரைக்கு, சேர்க்கிட்டைக் குத்திக் கட்டியிருந்த பிரெட்போர்ட் பலகையில பாதிக்கு வெய்யில், பாதிக்கு நிழல். மேசையை ரெண்டு அடி தள்ளட்டோ எண்டு கேட்டதுகள், இலக்கம் மாறிப்போம் எண்டு விடேல்லை. மீற்றர் 0.79 க்கும் 0.85 க்கும் நடுவில ஆடிச்சுது. அதைப் பாத்துத்தான் "உறுதியற்றது" எண்டு எழுதினியள், மேசை இலக்கம் மட்டும் நல்ல உறுதி.

ஆர்டுயினோ எண்ட சின்னக் கொம்பியூட்டர் போர்ட்டில நாலு வரி புரோகிராமா எழுதலாமே எண்டும் கேட்டியளாம். எழுதலாம்தான், நானும் சொன்னனான். ஆனா இலத்திரனியல் பிரிவு எண்டு பேர் வச்சுப்போட்டு ட்ரான்சிஸ்டரைக் கண்டா முகத்தைச் சுழிச்சா எப்பிடி? சூரிச்சில லோலிகர் எண்ட ஆராய்ச்சியாளரின்ர ஆக்களும் ஜேர்மனியில ஹாகனாவர் எண்டவரும், அனுப்பின செய்தியில வாற பிழையைத் திருத்தி வாசிக்க இதே மாதிரிச் சேர்க்கிட்தான் கட்டினவை, அமெரிக்காவில எம்ஐடி பல்கலைக்கழகத்தில விகோடா எண்டவர் 2003 இல இதை வச்சே பட்டம் எடுத்தவர், அவர் தொடங்கின லிரிக் கம்பனியை 2011 இல அனலொக் டிவைசஸ் எண்ட பெரிய சிப் கம்பனி விலைக்கு வாங்கினது. வாங்க முன்னம் உங்களிட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம், வெளியீடு 0 ஓ 1 ஓ எண்டு. அந்த வருசம் நாங்கள் இங்க தறப்பாளுக்குக் கீழ இருந்தனாங்கள், அதால எங்களுக்கும் உடன தெரிய வரேல்லை. இந்தமுறையும் முதல் பரிசு கை காட்டினாத் திறக்கிற குப்பைவாளிக்குத்தான், என்ர ஞாபகத்தில அது எத்தினையாம் தரம் எண்டு நான் எண்ணேல்லை, வாளிக்கு வாழ்த்துக்கள்.

கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன், மன்னிச்சுக் கொள்ளுங்கோ. உங்களில கோவமில்லை எண்டு சொன்னாப் பொய், ஆனா பரிசைத் திருப்பித் தாங்கோ எண்டு பிள்ளையளும் கேக்கேல்லை நானும் கேக்கேல்லை. அந்த ஒரு வரியை அடுத்த வருசத் தாளில இருந்து எடுங்கோ, அந்தப் பிள்ளையளின்ர சேர்க்கிட்டை நிழலில வச்சு ஒருக்காப் பாருங்கோ. அது இன்னும் என்ர மேசையிலதான் கிடக்கு, ஒரு வயரும் கழட்டேல்லை. வாறதெண்டால் தயவுசெய்து விடிய அஞ்சு மணிக்கு வாங்கோ, ஏழுக்குப் பிறகு தகரம் சுடத் தொடங்கீடும். தேத்தண்ணி நான் போடுறன்.

இப்படிக்கு,
மாங்குளம் றேடியோக்காரன்