சூடானுக்கு அனுப்பினா போய் சேராதுன்னு சொல்லாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமீபத்துல நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு சார் எழுதியிருந்தார். சூடான் மாதிரி சண்டை நடக்குற நாட்டுக்கு பணமோ தானியமோ அனுப்புறது வேஸ்ட், எல்லாத்தையும் துப்பாக்கி வெச்சிருக்கவன் தான் அள்ளிட்டு போவான், பசியில கிடக்குறவனுக்கு ஒரு கைப்பிடி கூட போய் சேராதுன்னு. அத படிச்சதுல இருந்து மனசே ஆறல. நான் அங்கன்வாடியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. எங்க தெருவுல ஒரு பையன் சூடான் தலைநகர் கார்டூம்ல வேலையில இருந்தான், 2023 ஏப்ரல் 15-ம் தேதி அங்க சண்டை வெடிச்சப்போ அவங்க அம்மா கூட நாங்க எல்லாரும் தான் டிவி முன்னாடி உக்காந்திருந்தோம், அப்புறம் ஆபரேஷன் காவேரின்னு நம்ம கவர்மென்ட் கப்பல், பிளேன் எல்லாம் அனுப்பி 3,800 பேருக்கு மேல கூட்டிட்டு வந்துச்சு, அவனும் போர்ட் சூடான்ல இருந்து ஜெட்டா போய் வந்து சேர்ந்தான். அதோட நம்ம பேப்பர்லயும் சரி டிவியிலயும் சரி சூடான் காணாம போயிடுச்சு. ஆனா எனக்கு அந்த நியூஸ விட முடியல, அன்னைல இருந்து தேடித் தேடி படிச்சிட்டு தான் இருக்கேன்.

முதல்ல அந்த சார் சொன்னதுல பாதி உண்மைன்னு நானே ஒத்துக்கிறேன். 2023 டிசம்பர்ல, ராணுவத்த எதிர்த்து சண்டை போடுற ஆர்.எஸ்.எஃப்ங்கிற துணைப்படை வாட் மதனி ஊர பிடிச்சப்போ அங்க உலக உணவு திட்டத்தோட குடோன கொள்ளையடிச்சாங்க, கிட்டத்தட்ட 15 லட்சம் பேருக்கு ஒரு மாசத்துக்கு வர்ற சாப்பாடு அது. அந்தப் பக்கம் ராணுவம் மட்டும் யோக்கியமான்னா அதுவும் இல்ல. பக்கத்துல இருக்குற சாட் நாட்டுல இருந்து, சூடானோட மேற்குப் பகுதியான டார்ஃபூருக்குள்ள சாமான் போற முக்கியமான வழி அத்ரே பார்டர். 2024 பிப்ரவரில ஆயுதம் கடத்துறாங்கன்னு காரணம் சொல்லி ராணுவம் அத மூடிட்டாங்க, திரும்ப திறந்தது ஆகஸ்ட்ல. ஆகஸ்ட்ன்னா அங்க மழைக்காலம், காட்டாறு எல்லாம் ஓடும், பாலம் கிடையாது, லாரி சேத்துல மாட்டிக்கிட்டு வாரக்கணக்குல நிக்கும். அறுவடைக்கு முன்னாடி கையில தானியமே இல்லாத மாசமும் அதே தான். ஒருத்தன் கொள்ளையடிச்சு பட்டினி போடுறான், இன்னொருத்தன் பர்மிட் கொடுக்காம பட்டினி போடுறான். ராணுவத் தளபதி புர்ஹானும் ஆர்.எஸ்.எஃப் தலைவன் ஹெமெத்தியும் 2021-ல ஒண்ணா சேர்ந்து தான் ஆட்சிய கவுத்தாங்க, இப்போ ரெண்டு பேரும் அடிச்சிக்கிறதுல 1 கோடிக்கு மேல ஜனங்க வீட்ட விட்டு ஓடியிருக்காங்க. சாட் நாட்டுக்கு மட்டும் 8 லட்சத்துக்கு மேல போயிருக்காங்க, அதுவே ஒரு ஏழை நாடு.

இன்னொண்ணும் சொல்றேன், இத நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியும். 2025 ஜூன் 2-ம் தேதி 15 லாரி, உலக உணவு திட்டமும் யூனிசெஃபும் சேர்ந்து அனுப்பினது, போர்ட் சூடான்ல இருந்து 1,800 கிலோமீட்டர் ஓடி வந்து, டார்ஃபூர்ல ஆர்.எஸ்.எஃப் முற்றுகையில இருந்த எல் ஃபாஷர் ஊருக்கு ஒரு 80 கிலோமீட்டர் முன்னாடி அல் கோமாங்கிற இடத்துல பர்மிஷனுக்காக நின்னுட்டு இருந்துச்சு. போயிருந்தா ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு அந்த ஊருக்குள்ள போற முதல் ஐ.நா. லாரி அதுங்க தான். ராத்திரி தாக்கினாங்க. 5 பேர் செத்தாங்க, லாரி எரிஞ்சு போச்சு. நான் இல்ல அவன் தான்னு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி பழி போட்டாங்க, உள்ள சாப்பாட்டுக்கு காத்திருந்தவங்களுக்கு யார் போட்டா என்ன.

இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் அனுப்பணும்ங்கிறேன்னா, லாரி நின்ன அன்னைக்கும் அந்த ஊருக்குள்ள அடுப்பு எரிஞ்சுது. அத எரிய வெச்சது ஐ.நா. இல்ல, அந்தத் தெருக்காரங்க. இத தான் நம்ம ஜனங்களுக்கு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

தகாயான்னு சொல்லுவாங்க அங்க, தெருவுக்குத் தெரு பொதுச் சமையல். சூஃபி பெரியவங்க இடத்துல வர்றவங்களுக்கு எல்லாம் சோறு போடுற பழக்கத்துல இருந்து வந்தது. சண்டை ஆரம்பிச்ச உடனே பெரிய பெரிய ஏஜென்சிக்காரங்க எல்லாம் கார்டூம விட்டு வெளியேறினப்போ, 2018-19ல சர்வாதிகாரி பஷீர் ஆட்சிக்கு எதிரா தெருவுல நின்ன பசங்களும் பொண்ணுங்களும் தான் அவசர உதவி குழுன்னு ஏரியா ஏரியாவா ஆரம்பிச்சாங்க. டாக்டருக்கு படிக்கிற பையன், வாத்தியார், டீ விக்கிற அம்மா, மெக்கானிக்னு எல்லாரும். ஒரு வீட்டு முற்றமோ ஸ்கூலோ மசூதியோ, பெரிய அண்டா, விறகு, பருப்பு, சோளம். பருப்பு வேக வெச்சு கொடுப்பாங்க, சோள மாவுல களி கிண்டுவாங்க, அவங்க அசீதான்னு சொல்றது அத தான். காலையிலயே பிள்ளைங்க பாத்திரத்தோட வந்து வரிசையா உக்காந்துடும். வீட்டுக்கு ஒரு பாத்திரம், எத்தனை தலைன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சு அளந்து ஊத்துவாங்க. பணம் எப்படி வரும்னா, வெளிநாட்டுல இருக்குற சூடான்காரங்க பன்கக்னு (Bankak) அங்க இருக்குற பேங்க் ஆப்ல அனுப்புவாங்க, நம்ம ஜிபே தான்னு வெச்சுக்கோங்களேன். அத வெச்சு உள்ளூர் கடைக்காரங்க கிட்டயே சாமான் வாங்குவாங்க. நெட்ட கட் பண்ணினப்போ சமையலும் நின்னுச்சு, அப்புறம் சாட்டிலைட் இன்டர்நெட் கிடைக்கிற இடத்துக்கு நடந்து போய் பணத்த எடுத்தாங்க, காசா மாத்தி கொடுக்குறவன் கமிஷன் பிடுங்கினது தனிக் கதை.

பணம் லாரி மாதிரி ரோட்ல போறது இல்ல, பார்டர்ல நிக்கிறது இல்ல. உள்ளூர் மார்க்கெட்ல கொஞ்சமாவது சரக்கு இருக்குற வரைக்கும் அனுப்பின பணம் அன்னைக்கே பருப்பா மாறி பிள்ளை வயித்துக்கு போகுது. அந்த சாருக்கு என் பதில் இது தான்.

இந்தப் பசங்க படுற பாடும் சாதாரணம் இல்ல. இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கத்து உளவாளின்னு ராணுவம் பிடிக்குது, அந்தப் பக்கம் போனா ஆர்.எஸ்.எஃப் பிடிக்குது. எத்தனையோ பேர் கொல்லப்பட்டிருக்காங்க. 2025-ல நார்வேல மனித உரிமைக்காக கொடுக்குற ராஃப்டோ பரிசு இவங்களுக்கு தான் கொடுத்தாங்க, நோபல் சமாதான பரிசுக்கும் பேர் அடிபட்டுச்சு, நம்ம பேப்பர்ல ஒரு வரி வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

இப்படி ஓடிட்டு இருந்ததுல தான் 2025 ஜனவரில பெரிய இடி விழுந்துச்சு. அமெரிக்கா வெளிநாட்டு உதவி எல்லாத்தையும் ஒரு கையெழுத்துல நிறுத்தினாங்க இல்லையா, அந்தப் பணத்துல ஒரு பகுதி சுத்தி வளைச்சு இந்த அடுப்புங்களுக்கும் போயிட்டு இருந்துச்சு. கொஞ்ச நாள்ல நாடு முழுக்க 1,000-க்கு மேல சமையல் கூடம் மூடிட்டாங்க, கிட்டத்தட்ட நூத்துக்கு 80. வாஷிங்டன்ல போட்ட கையெழுத்துக்கு, கார்டூம் பக்கத்துல இருக்குற ஓம்துர்மான்ல காலையில பாத்திரத்தோட வந்த பிள்ளை வெறும் பாத்திரத்தோட திரும்பி போச்சு. அப்போ அது வரைக்கும் அந்தப் பணம் போய் சேர்ந்துட்டு தான இருந்துச்சு? போய் சேராத பணமா இருந்தா அத நிறுத்தினதும் அடுப்பு ஏன் அணையணும்?

எல் ஃபாஷர் பக்கத்துல இருந்த ஜம்ஜம் கேம்ப் பத்தியும் சொல்லியே ஆகணும். 20 வருஷத்துக்கு முன்னாடி நடந்த டார்ஃபூர் சண்டையில ஓடி வந்தவங்க போட்ட கேம்ப், அப்புறம் இந்த சண்டையில வந்தவங்களும் சேர்ந்து லட்சக்கணக்குல ஜனம். 2024 பிப்ரவரிலயே எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு சொல்லிட்டாங்க, இங்க 2 மணி நேரத்துக்கு ஒரு குழந்தை சாகுதுன்னு. ஆகஸ்ட் 1-ம் தேதி பஞ்சம்னு அதிகாரபூர்வமா அறிவிச்சாங்க. பஞ்சம்னு சும்மா யாரும் அறிவிக்க மாட்டாங்க, அதுக்கு கணக்கு இருக்கு, 5 வீட்டுக்கு 1 வீடு சாப்பாடே இல்லாத நிலைமை, 100 பிள்ளைல 30 பிள்ளை எலும்பும் தோலுமா, 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு 2 சாவு, இந்த அளவ எல்லாம் தாண்டினா தான் அந்த வார்த்தைய சொல்லுவாங்க. அப்போ அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே எத்தனை பிள்ளை போயிருக்கும். 2025 ஏப்ரல்ல ஆர்.எஸ்.எஃப் அந்த கேம்புக்குள்ளயே புகுந்து, கடைசியா நடந்துட்டு இருந்த கிளினிக்ல வேலை பாத்த 9 பேர கொன்னாங்க. லட்சக்கணக்கான பேர் தவிலான்னு ஒரு சின்ன ஊருக்கு நடந்தாங்க, தண்ணி இல்லாம வழியிலயே செத்தவங்க உண்டு, போய் சேர்ந்த இடத்துல காலரா.

எல் ஃபாஷர் ஊர ஆர்.எஸ்.எஃப் 500 நாளுக்கு மேல முற்றுகை போட்டு, சுத்தி மண்ண குவிச்சு கரை கட்டி, சாமான் கடத்திட்டு வர்றவங்கள சுட்டு தள்ளினாங்க. உள்ள இருந்தவங்க கடைசியில சாப்பிட்டது அம்பாஸ். அது என்ன தெரியுமா, கடலை எண்ணெய் ஆட்டினதுக்கு அப்புறம் மிஞ்சுற சக்கை, நம்ம மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கு. அத ஊற வெச்சு பிள்ளைங்களுக்கு கொடுத்தாங்க, அதுவும் கிடைக்காம போச்சு. தகாயா பசங்க அந்தப் புண்ணாக்க தான் வேக வெச்சு பங்கு போட்டாங்க. 2025 அக்டோபர் 26-ல ஊர் விழுந்துச்சு, அங்க இருந்த சவுதி ஆஸ்பத்திரிலயே நோயாளிங்களும் கூட இருந்தவங்களுமா 460 பேருக்கு மேல கொல்லப்பட்டாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல.

என் வேலையில நான் பாத்தத வெச்சு ஒண்ணு சொல்றேன். பசிச்ச குழந்தை அழும். ரொம்ப நாள் பசிச்ச குழந்தை அழாது, ஈ மொய்ச்சா கூட கைய தூக்காது, அப்படி ஒரு குழந்தைக்கு சோத்த அள்ளி ஊட்டவும் கூடாது, உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமா தான் மீட்டு எடுக்கணும். மேல் கையில டேப் சுத்தி பாப்பாங்க, 11.5 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா சிகப்பு, ரொம்ப மோசமான நிலைமைன்னு அர்த்தம். அந்தப் பிள்ளைக்குன்னே வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்து எல்லாம் சேர்த்து பாக்கெட்ல ஒரு பேஸ்ட் வருது, ஒரு பாக்கெட் 500 கலோரி, தண்ணி கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், வீட்டுலயே அம்மாவே கொடுக்கலாம், ஆறிலிருந்து எட்டு வாரத்துல பிள்ளை எழுந்து உக்காந்துடும். அதனால பெரிய ஏஜென்சி வேண்டாம்னு நான் சொல்ல வரல. தடுப்பூசி, காலரா மருந்து, இந்த பாக்கெட் எல்லாம் யூனிசெஃப் மாதிரி ஆளுங்க கொண்டு வந்தா தான் உண்டு. ஆனா சிகப்பு டேப் வரைக்கும் பிள்ளை போகாம இருக்கணும்னா தினம் ஒரு வேளையாவது சூடா சாப்பாடு அந்தத் தெருவுலயே கிடைக்கணும், அத செய்யுறது தகாயா தான்.

ஆனா பணம் கொடுக்குற நாடுங்க என்ன பண்றாங்க? 2016-ல இஸ்தான்புல்ல கூடி, உள்ளூர் ஆளுங்களுக்கு நூத்துக்கு 25 கொடுப்போம்னு ஒப்பந்தம் போட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அதுக்கு கிட்டக் கூட வரல. ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கா, ஆடிட் இருக்கா, ரசீது இருக்கான்னு கேக்குறாங்க. குண்டு விழுற தெருவுல பருப்பு வாங்கினவன் ஆடிட்டர எங்க போய் தேடுவான். கணக்கு கேக்கக் கூடாதுன்னு இல்ல, அந்தக் குழுக்கள் தினமும் எத்தனை பேருக்கு போட்டோம், என்ன செலவுன்னு கணக்கு எழுதி போட்டோவோட அனுப்பிட்டு தான் இருக்காங்க. அத ஏத்துக்குற மாதிரி விதிய மாத்துங்கன்னு தான் கேக்குறேன். 2025-க்கு சூடானுக்கு வேணும்னு ஐ.நா. கேட்டதுல பாதி கூட வரல.

நம்ம பக்கம் வர்றேன். 2022-ல இலங்கை நெருக்கடியில தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் பால் பவுடரும் மருந்தும் அனுப்புச்சு, அதே வருஷம் இந்தியா ஆப்கானிஸ்தானுக்கு கோதுமை கொடுத்து, பாகிஸ்தான் வழியா லாரியில போய் உலக உணவு திட்டம் மூலமா பங்கு போட்டாங்க. முடியாதுன்னு சொன்ன வழி தான் அதுவும். குடோன்ல அரிசி வைக்க இடம் இல்லன்னு நம்ம பேப்பர்லயே நியூஸ் போடுறீங்க, அதுல ஒரு பங்க போர்ட் சூடானுக்கு அனுப்ப டெல்லியில யாராவது பேசலாம் இல்லையா, நம்ம எம்.பி.ங்க பார்லிமென்ட்ல ஒரு கேள்வி கேக்கலாம் இல்லையா. சூடான் தங்கம் பெரும்பாலும் ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கு தான் போகுது, அந்தத் தங்கக் காசுல தான் சண்டை ஓடுது. எமிரேட்ஸ் ஆர்.எஸ்.எஃப்-க்கு ஆயுதம் கொடுக்குதுன்னு வர்ற குற்றச்சாட்டு நம்புற மாதிரி தான் இருக்குன்னு 2024-ல ஐ.நா. நிபுணர் குழு சொல்லுச்சு, அவங்க மறுக்குறாங்க. தங்கம் அதிகமா வாங்குற நாடு நம்ம நாடு, இத பத்தியும் நாம பேசணும்.

ஆசிரியர் ஐயா, உங்க கிட்ட நான் கேக்குறது ரெண்டு தான். வாரத்துல ஒரு நாள், உள் பக்கத்துலயாவது, சூடானுக்குன்னு கொஞ்சம் இடம் கொடுங்க. செத்தவங்க எண்ணிக்கை மட்டும் போடாம, எந்த ஊர்ல எந்த அடுப்பு எரியுது, எது அணைஞ்சுது, அத்ரே பார்டர் திறந்திருக்கா மூடியிருக்கான்னு எழுதுங்க. அப்புறம் இங்க இருந்து ஒரு சாதாரண ஆள் 500, 1,000 ரூபாய் சட்டப்படி, போலி ஆளுங்க கிட்ட மாட்டாம எப்படி அனுப்பலாம், எந்த அமைப்பு அந்த சமையல் குழுக்களுக்கு பணத்த கொண்டு சேர்க்குதுன்னு உங்க நிருபர் யாராவது பேங்க்ல, அமைப்புங்க கிட்ட நேரா விசாரிச்சு ஒரு கட்டுரை போடுங்க. எங்க சுய உதவி குழுவுல பேசி வெச்சிருக்கோம், கட்டுரை வந்த உடனே நாங்க அனுப்ப ரெடி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடி பணியாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்